ஆமிஷ் போர்வைக்குள் லாவோஸ் ஊசி… தெரியுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு வட்டாரம். கார் வேண்டாம், கரன்ட் வேண்டாம் என்று இன்றைக்கும் குதிரை வண்டியில் போய்வரும் ஆமிஷ் மக்களின் ஊர் அது. சுற்றுலா போகிறவர்கள் அங்கே ஆசை ஆசையாக வாங்கும் பொருள், துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கையாலேயே தைத்த போர்வை. விலை நூற்றுக்கணக்கான டாலர். பாட்டி காலத்துக் கைவேலை, அசல் அமெரிக்கப் பாரம்பரியம் என்று பூரித்துப்போய் வாங்கி, போர்த்திக்கொள்ள மனசு வராமல் சுவரில் மாட்டி வைக்கிறவர்கள்கூட உண்டு. 1980களில் தொடங்கி, அப்படி விற்ற போர்வைகள் பலவற்றின் நுணுக்கமான பூவேலையைத் தைத்தது யார் தெரியுமா? லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்து சேர்ந்த ஹ்மாங் பெண்கள்!

போர்வைக் கடைக்காரர்கள் ஒன்றும் இரக்கப்பட்டு வேலை கொடுக்கவில்லை. துணியைப் பூவாக வெட்டி, ஓரத்தை ஊசி முனையாலேயே உள்ளே மடித்துத் தள்ளி, இன்னொரு துணிமேல் தையல் கண்ணுக்கே தெரியாமல் பதிக்க வேண்டும். பழகாதவர்கள் செய்தால் ஓரம் பிசிறடிக்கும், வளைவு கோணலாகும். ஹ்மாங் பெண்ணுக்கோ அது சிறுமியாக இருந்தபோதே கை படிந்த வேலை. விஷயம் வெளியே தெரிந்ததும் வாங்கியவர்களில் சிலருக்கு ஏமாற்றம். என்னைக் கேட்டால், ஏமாற இதில் எதுவும் இல்லை. ஊசி பிடித்த கைகளில் அத்தனை திறமை இருந்தது. போர்வையில் அந்தக் கைகளின் பெயர் இல்லை என்பதுதான் குறை.

அந்தக் கைகள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன? அது ஒரு மர்மக் கதை மாதிரி ஓடும். வியட்நாம் போர் நடந்த காலத்தில் பக்கத்து நாடான லாவோஸில் அமெரிக்காவின் சிஐஏ ஒரு ரகசியப் போரை நடத்தியது. அதற்கு ஆள்பலமாக நின்றவர்கள், வாங் பாவ் என்ற தளபதியின் கீழ் திரண்ட மலைவாழ் ஹ்மாங் மக்கள். 1964க்கும் 1973க்கும் இடையில் அந்தச் சின்ன நாட்டின்மேல் அமெரிக்க விமானங்கள் கொட்டிய குண்டுகளின் எடை 20 லட்சம் டன்னுக்கும் மேல்! தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், உலகத்தில் இந்த அளவுக்குக் குண்டு விழுந்த நாடு வேறு இல்லை. 1975 மே மாதம் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கி, எல்லாம் முடிந்தது. லாங் டியெங் விமானத்தளத்திலிருந்து சில ஆயிரம் பேரை மட்டும் விமானத்தில் ஏற்றினார்கள். மற்றவர்கள் காடு மலையெல்லாம் நடந்து, மீகாங் ஆற்றை மூங்கில் தெப்பத்திலும் டயர் ட்யூபிலும் கடந்து தாய்லாந்தில் ஏறினார்கள். தலையில் எதைச் சுமக்க முடியும்? தறி வராது, வீடு வராது. விரலில் இருந்த வேலைதான் கூடவே வந்தது.

இனிமேல்தான் பெரிய ஆச்சரியம். தாய்லாந்தில் பான் வினாய் என்றொரு முகாம். ஒரு கட்டத்தில் 40,000 பேருக்கு மேல் அங்கே அடைந்து கிடந்தார்கள். வயல் இல்லை, வேலை இல்லை, நேரம் மட்டும் மலைபோல் இருக்கிறது. ஹ்மாங் மொழிக்கு இன்றைக்குப் பரவலாகப் புழங்கும் எழுத்தே 1950களின் தொடக்கத்தில்தான் பிறந்தது; பெண்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அந்தப் பெண்கள் தங்கள் வரலாற்றை எழுதினார்கள் தெரியுமா? பேனாவால் அல்ல, ஊசியால்!

கதைத்துணி என்று அதற்குப் பேர். ஹ்மாங் பெண்களின் பூத்தையல் காலங்காலமாகக் கோலமும் கட்டமும் சுருளும்தான். நத்தை, யானைப் பாதம் என்று உருவங்களுக்குப் பெயர் இருக்குமே தவிர, மனித உருவம் துணியில் வராது. முகாமில்தான் முதன்முதலாக மனிதர்கள் துணிக்குள் நடக்க ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு துணியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீல நிறத்தில், படுக்கை விரிப்பில் பாதி அளவு இருக்கும். மேல் மூலையில் பச்சை மலைகள்; மலைக்குமேல் சாம்பல் நிற விமானங்கள்; விமானத்துக்கு அடியில் சின்னச் சின்னக் கறுப்புத் தையல்கள், அவை குண்டுகள். கீழே கோழியும் பன்றியும் மேய்கிற ஒரு கிராமம். கிராமத்திலிருந்து கிளம்பும் ஒரு வரிசை மக்கள்: முதுகில் கூடை, மார்பில் குழந்தை, ஒரு கிழவிக்குக் கைத்தடி. அவள் பாவாடையின் மடிப்பைக்கூட இழை இழையாகக் காட்டியிருப்பார்கள். நடுவில் குறுக்கே அகலமாக ஓடும் நீலப்பட்டைதான் மீகாங். அதில் தலைகள் மட்டும் தெரியும். பின்னால் கரையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். எதிர்க்கரையில் தாய்லாந்துக்காரர்கள் மேசை போட்டுப் பெயர் எழுதுகிறார்கள். கீழ் மூலையில் வரிசை வரிசையாக முகாம் குடிசைகள், அதற்கும் அடுத்து ஒரு பஸ், ஒரு விமானம். ஒரு குடும்பம் பத்து வருஷம் பட்ட பாடு முழுக்க ஒரே துணியில்! சிலவற்றில் ஆங்கில வாக்கியம்கூட இருக்கும். தைத்தவருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்து அப்படியே நூலில் போட்டுவிடுவார். அதனால் எழுத்துப்பிழைகளும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும்.

படம் வரைந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், தைத்தவர்கள் பெண்கள். வாங்கியது யார்? அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் இருந்த வெள்ளைக்காரர்கள். ஹ்மாங் கண்ணுக்குப் பிடித்த பளீர் சிவப்பும் பளீர் பச்சையும் மேல்நாட்டு வரவேற்பறைக்குப் பொருந்தாது என்று நிவாரண ஊழியர்கள் சொன்னதால், நீலமும் பழுப்பும் வெளிர்நிறமுமாக மாற்றிக்கொண்டார்கள். "அப்படியென்றால் அது பாரம்பரியமா, வியாபாரமா?" என்று கேட்கிற பண்டிதர்கள் உண்டு. முகாமில் அரிசிக்குமேல் ஒரு முட்டை வாங்க வேண்டுமானால் அந்தத் துணி விற்றாக வேண்டும். விற்றதால்தான் அடுத்த பெண் ஊசி எடுத்தாள். இன்று அமெரிக்காவில் மியூசியங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பது அப்படி விற்ற துணிகளைத்தான்.

பழைய கோலத்தையும் விட்டுவிடவில்லை. நத்தைச் சுருள் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? பென்சில் கோடு கிடையாது, அச்சுக் காகிதம் கிடையாது. துணியை நாலாக, எட்டாக மடித்து, கத்தரியால் நறுக் நறுக்கென்று வெட்டிவிட்டுப் பிரித்தால் சுருள்கள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக நிற்கும். அதை வேறு நிறத் துணிமேல் விரித்து, வெட்டிய ஓரத்தை நூலளவு உள்ளே தள்ளித் தைத்துக்கொண்டே போக வேண்டும். அடித்துணியின் நிறம் கோடாக மேலே எட்டிப் பார்க்கும். இதற்குமுன் துணியும் அவர்களே செய்ததுதான். கஞ்சா இனத்துச் செடியின் தண்டிலிருந்து நார் உரித்து, நூலாக்கி, நெய்து, உருக்கிய மெழுகால் கோடு போட்டு, அவுரிச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். அமெரிக்காவில் அந்தச் செடியை வீட்டுக் கொல்லையில் வளர்த்திருந்தால் போலீஸ் வந்திருக்கும்! கடைத் துணிக்கு மாறிக்கொண்டார்கள்.

ஹ்மாங்கின் அண்டை இனமான இயூ மியன் பெண்களின் சேதி இன்னும் விசித்திரம். துணியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே தைப்பார்கள்! பூ மலர்வது மறுபுறம், மடியைப் பார்த்தபடி. தைக்கிறவர் இழையை எண்ணிக்கொண்டே போவார். முன்பக்கம் எப்படி வருகிறது என்று சும்மா சும்மா திருப்பிப் பார்ப்பதில்லை. ஓக்லாண்டிலும் சாக்ரமென்டோவிலும் குடியேறிய மியன் பாட்டிமார் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தும் இப்படித்தான் தைத்தார்கள்.

குழந்தைக்கு ஏன் அத்தனை பூப்போட்ட தொப்பி? மேலேயிருந்து பார்க்கும் கெட்ட ஆவி, குழந்தையைப் பூ என்று நினைத்துக்கொண்டு போய்விடுமாம். ஹ்மாங் அம்மாக்களின் நம்பிக்கை அது. சரி, சாகும்போது? அதற்கும் தையல்தான். மகள்களும் மருமகள்களும் பெற்றோருக்காக வருஷக்கணக்கில் தைத்து வைத்த உடையைத்தான் இறந்தவருக்கு உடுத்துவார்கள். அந்தப் பக்கம் போனதும் முன்னோர்கள் "இது நம்ம ஆள்" என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே! அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே நாள்கணக்கில் நடக்கும் ஹ்மாங் சாவுச் சடங்கில் அந்தத் துணிகள் இன்றும் வெளியே வருகின்றன. லட்ச ரூபாய் கொடுத்து மியூசியம் கேட்டாலும் கிடைக்காத துணி, மண்ணுக்குள் போகிறது.

அமெரிக்க அரசு சும்மா இருந்ததா? நாட்டார் கலைகளுக்கு அங்கே கொடுக்கப்படும் மிக உயர்ந்த கௌரவம், 1982இல் தொடங்கிய தேசியப் பாரம்பரிய விருது. 1988இல் அது டெட்ராய்ட்டில் வாழ்ந்த யாங் ஃபாங் நூ என்ற ஹ்மாங் நெசவு, தையல் கலைஞருக்குப் போயிற்று. 2000இல் மின்னசோட்டாவின் புரூக்ளின் பார்க்கில் வசித்த பூன்சூ சந்தபோன் என்ற லாவோ நெசவாளருக்கு. கார் தொழிற்சாலைக்குப் பேர்போன டெட்ராய்ட்டில் நூல் நூற்றவருக்கு நாட்டின் முதல் மரியாதை!

இப்போது கம்போடியா. தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது.

மணிமேகலா தெய்வத்தை நமக்குத் தெரியும். கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் மூழ்காமல் காப்பாற்றியவள். அந்த நன்றிக்காகத்தான் கோவலன் தன் மகளுக்கு அவள் பெயரை வைத்தான். அந்தப் பெண்ணைப் புகாரின் உவவனத்திலிருந்து மணிபல்லவத்துக்குத் தூக்கிச் சென்றவளும் இவளே. அதே கடல் தெய்வம் கம்போடிய அரண்மனை நடனத்தில் மோனி மேகலாவாக இன்றும் ஆடுகிறாள் தெரியுமா? அங்கே அவள் கையில் ஒரு பளிங்குப் பந்து. ரீம் ஐசோ என்ற அரக்கன் கோடரியோடு துரத்துகிறான். அவள் பந்தைச் சுழற்றினால் மின்னல், அவன் கோடரியை எறிந்தால் இடி, பிறகென்ன, மழை! மழை வேண்டி நடத்தும் சடங்கிலேயே இந்த ஆட்டத்துக்கு இடம் உண்டு.

பந்து அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பது குறும்பான கதை. ஒரு முனிவர் தம் மாணவர்களிடம், யார் முதலில் ஒரு குடம் நிறையப் பனித்துளி கொண்டுவருகிறீர்களோ அவருக்கே பரிசு என்கிறார். மற்றவர்கள் இலை இலையாகச் சொட்டுப் பிடித்துக்கொண்டிருக்க, இவள் தன் மேல்துணியைப் புல்லில் விரித்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் வந்து குடத்துக்குமேல் பிழிந்தாள். முடிந்தது வேலை!

இந்த நடனம் அழிந்தே போயிருக்க வேண்டியது. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நாட்டைப் பிடித்தது. அரண்மனை, கலை என்று பேச்செடுத்தாலே மரணம். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தபோது, அரண்மனை நடனம் கற்றவர்களில் பத்துக்கு ஒருவர்தான் மிஞ்சினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இந்த நடனத்துக்குக் கைப்புத்தகம் கிடையாது. ஆசிரியையின் உடம்புதான் புத்தகம். இலை, பூ, காய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைமுத்திரை; ஒவ்வொன்றும் அடுத்ததாக உருமாறும் விதத்துக்கும் இலக்கணம் உண்டு. ஆசிரியை செத்தால் அத்தனையும் அவரோடு போய்விடும்.

மிஞ்சியவர்களில் ஒருவர் சியா சாமி. சிறுமியாக இருந்தபோதே அரண்மனைக்குள் போய் நடனம் கற்றவர். அவர் கணவரின் தம்பி யார் தெரியுமா? போல் பாட்! ஆமாம், கெமர் ரூஜின் தலைவனான அதே கொடுங்கோலன். சாலோத் சார் என்ற இயற்பெயரோடு சின்னப் பையனாகத் தலைநகர் நாம்பென்னுக்குப் படிக்க வந்தபோது தங்கியது இவர்கள் வீட்டில்தான். மைத்துனன் நாட்டை ஆண்ட காலத்தில் அண்ணியும் அண்ணனும் ஊரோடு ஊராக வயலில் கிடந்து கஷ்டப்பட்டார்கள். நாட்டை நாசமாக்கியவன் நம் வீட்டுப் பையன்தான் என்பது சுவரில் மாட்டிய அவன் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்ததாம். 1979க்குப் பிறகு அதே சியா சாமி நாம்பென் கலைப்பள்ளியில் எலும்பும் தோலுமாக நின்ற பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, விரலை எப்படிப் பின்னால் வளைப்பது என்று முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

எல்லைக்கு அப்பாலும் அதே கதைதான். தாய்லாந்தில் 1979 நவம்பரில் திறந்த காவோ இ டாங் முகாமில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்கள். சோற்றுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. அதற்கு நடுவே, தப்பிவந்த மூத்த நடனப் பெண்கள் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக் கையையும் காலையும் பழக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜரிகைக்கும் கிரீடத்துக்கும் எங்கே போவது? கையில் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றினார்கள்.

அசல் உடையின் கதையைக் கேட்டால் தலை சுற்றும். ஆடுகிறவருக்கு அதைப் போட்டுவிடுவதில்லை, உடம்போடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள்! ஆட்டம் தொடங்க மணிக்கணக்கு இருக்கும்போதே உதவிப் பெண்கள் ஊசி நூலோடு வந்து நிற்பார்கள். பட்டும் ஜரிகையும் உடம்பை இறுக்கிப் பிடிக்கும்படி சட்டையை அங்குலம் அங்குலமாகத் தைத்து மூடுவார்கள். அதற்குமேல் கிரீடம். ஆட்டம் முடிந்தால் தையலைப் பிரித்து எடுக்க வேண்டும். நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால்? அதோகதிதான்.

இந்த மரபில் வந்தவர் சோஃபிலின் சியம் ஷாபிரோ. கெமர் ரூஜ் காலத்தைச் சிறுமியாகத் தாண்டி, மீண்டும் திறந்த கலைப்பள்ளியில் படித்து வெளிவந்த முதல் தலைமுறை. 1991இல் அமெரிக்கா போனார். கம்போடியர்கள் திரளாக வாழும் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் கணவரோடு சேர்ந்து 2002இல் கெமர் நடனப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து அவர் செய்ததுதான் துணிச்சல். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைக் கெமர் அரண்மனை நடனமாக்கினார். மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்தைப் 'பமினா தேவி' என்று உருமாற்றி, 2006இல் மொசார்ட் வாழ்ந்த வியன்னாவிலேயே அரங்கேற்றினார்! தேசியப் பாரம்பரிய விருது 2009இல் அவர் வீட்டுக் கதவையும் தட்டியது. செத்துப் பிழைத்த கலையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் இப்படி ஓட விட்டதற்கே அந்த விருது தகும் என்பேன்.

பர்மாப் பக்கம் வருவோம். கரேன் இனப் பெண்ணின் தறியை ஒரு துணிப்பையில் சுருட்டி எடுத்துப் போகலாம் தெரியுமா? இடுப்புத் தறி அது. பாவின் ஒரு முனையைத் தூணிலோ மரத்திலோ கட்டிவிட்டு, மறுமுனையை இடுப்பைச் சுற்றிய வாரில் மாட்டிக்கொண்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட வேண்டியதுதான். பாவை இறுக்க வேண்டுமா, முதுகைப் பின்னால் சாய்க்க வேண்டும். தளர்த்த வேண்டுமா, முன்னால் குனிய வேண்டும். தறியின் பாதி, நெய்கிறவளின் உடம்பு! தாய்லாந்து எல்லை முகாம்களில் இருபது முப்பது வருஷம் கழித்த பெண்கள் அதே குச்சிகளோடு மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரத்து அடுக்கு வீடுகளில் வந்து இறங்கினார்கள். தூணுக்குப் பதில் கட்டில் கால். கல்யாணமாகாத பெண்ணுக்கு நீள வெள்ளை அங்கி, கல்யாணமானவளுக்குக் கறுப்புச் சட்டை என்பது பழைய வழக்கம். சட்டையில் முத்துமாதிரி கோத்திருப்பது முத்தல்ல, ஒரு புல்லின் வெள்ளை விதை! துளை போடக்கூட வேண்டாம், இயற்கையே துளையோடு கொடுத்துவிடுகிறது.

கழுத்தில் பித்தளை வளையம் அடுக்கிய கயான் பெண்களின் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்று, கழுத்து நீள்வதே இல்லை. வளையச் சுருளின் பாரத்தில் தோள் எலும்பு கீழே இறங்குவதால் நீண்டதுபோல் தெரிகிறது. இரண்டாவது வயிற்றைப் பிசையும் விஷயம். வடதாய்லாந்தில் டூரிஸ்டுகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அந்தப் பெண்கள் பர்மாவிலிருந்து ஓடிவந்த அகதிகள். நியூஸிலாந்தும் பின்லாந்தும் சிலரை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தும், வெளியே போக அனுமதி கிடைக்கவில்லை. சுற்றுலாவுக்காகவே அவர்களைப் பிடித்து வைத்திருப்பதாக 2008இல் ஐ.நா. அகதிகள் அமைப்பே குரல் கொடுத்தது. எதிர்ப்பைக் காட்ட வளையத்தைக் கழற்றி வீசிய பெண்களும் உண்டு. பாரம்பரியத்தைக் காப்பதைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். போட்டுக்கொள்வதும் கழற்றுவதும் அவள் கையில் இருக்கும்வரைதான் அது அவளுடைய பாரம்பரியம்.

சமையற்கட்டுக்குள் போகாமல் இந்தக் கதை முடியுமா?

பிள்ளை பெற்ற ஹ்மாங் பெண்ணுக்கு ஒரு மாதம் முழுக்கப் பத்தியம். காலையும் மாலையும் சூடான சோறு, பச்சிலைகள் போட்டு வேகவைத்த கோழிச் சாறு. குளிர்ந்த தண்ணீர் கூடவே கூடாது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்த கையோடு ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினால் பாட்டிகளுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பச்சிலைகள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் மின்னசோட்டாவின் உறைபனிக் குளிரிலும் ஜன்னலோரத் தொட்டிகளில் அவை வளர்கின்றன. வேரும் தண்டுமாக அத்தையிடமிருந்து மருமகளுக்கு, அவளிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். தொட்டியில் தொடங்கியது வயலுக்கும் போயிற்று. 2011இல் பகூ ஹாங் என்ற பெண்மணியும் மற்றவர்களும் சேர்ந்து ஹ்மாங் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். செயின்ட் பாலுக்குத் தெற்கே 155 ஏக்கரில் அவர்களுடைய பண்ணை நடக்கிறது.

இதைவிட வியப்பு தென் அமெரிக்காவில். பிரெஞ்சு கயானாவின் மழைக்காட்டுக்குள் ககாவ் என்றொரு கிராமம். 1977இல் பிரான்ஸ் அரசு ஹ்மாங் அகதிகளைக் கொண்டுபோய் அங்கே குடியேற்றியது. இன்று அந்தப் பகுதிக்காரர்கள் சாப்பிடும் காய்கறியில் பெரும் பங்கு இந்தக் கைப்பிடி மக்கள் விளைவிப்பது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நூடுல்ஸ் சூப்பும் பூத்தையலும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் விற்கின்றன. அமேசான் காட்டு ஓரத்தில் லாவோஸ் மலைப் பாவாடை!

நம்மூர்க் குளங்களில் தானாகவே படரும் வள்ளைக்கீரை, அமெரிக்காவில் சட்டப்படி ஆபத்தான களை தெரியுமா? நீர்நிலைகளை அடைத்துவிடும் என்று மத்திய அரசே பட்டியலில் போட்டிருக்கிறது. கம்போடியருக்கோ அது இல்லாமல் சாப்பாடு இறங்காது. டெக்சாஸில் ஹூஸ்டனுக்குத் தெற்கே ரோஷரன் என்ற ஊரில் கம்போடிய அகதிக் குடும்பங்கள் கூடாரம் போட்டு இந்தக் கீரையைப் பயிரிட்டன. அதிகாரிகளோடு மல்லுக்கட்டிக் கடைசியில் உரிமம் பெற்றே வளர்க்கிறார்கள். கீரைக்கு லைசென்ஸ்!

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கிழக்குக் கோடியில் வியட்நாம் பாட்டிமார் வாய்க்கால் கரையையும் வெள்ளத் தடுப்பு மேட்டையும் விட்டு வைக்கவில்லை. ஓலைத் தொப்பியோடு குந்தி உட்கார்ந்து சேம்பும் துளசி வகைகளும் பயிரிட்டார்கள். சனிக்கிழமைகளில் பொழுது விடியுமுன்னே சந்தை கூடி, ஊர் எழுந்து காபி குடிக்கும் நேரத்தில் கலைந்துவிடும். அதே பகுதியில் 1982இல் ஹுவாங் டிரானும் கணவரும் தொடங்கியது டோங் ஃபூவாங் பேக்கரி. நிலாப்பண்டிகைக் கேக்கும் வியட்நாம் ரொட்டியும் செய்துகொண்டிருந்த அந்தக் கடை, 2005இல் கத்ரீனா புயல் போட்டுப் புரட்டிய பிறகு, உள்ளூர் மார்டி கிரா திருவிழாவின் ராஜா கேக்கையும் செய்ய ஆரம்பித்தது. இன்று அந்த ஊரின் மிகப் பிரபலமான ராஜா கேக்குகளில் ஒன்று வியட்நாம் அடுப்பிலிருந்து வருகிறது. 2018இல் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பு அமெரிக்காவின் காலத்தால் நிலைத்த உணவகங்களில் ஒன்று என்று அதைக் கௌரவித்தது.

1975இல் சைகோனை விட்டு ஓடும்போது கைப்பையில் எதை வைத்துக்கொள்வீர்கள்? சமையல் நூலாசிரியர் ஆண்ட்ரியா நுயென்னின் அம்மா, கைப்பட எழுதிய சமையல் குறிப்பு நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். ஆரஞ்சு நிற அட்டை. அந்த நோட்டோடு வளர்ந்த ஆறு வயது மகள்தான் பின்னாளில் வியட்நாம் சமையலை அமெரிக்கர்களுக்குப் புத்தகம் புத்தகமாகக் கற்றுக்கொடுத்தார்.

அயோவாவை மறந்துவிடக் கூடாது. சோளக்காட்டு மாநிலம். 1975இல் அதன் ஆளுநர் ராபர்ட் ரே, அகதிகளாக நின்ற தாய் தாம் என்ற சிறு இனத்தைச் சிதறவிடாமல் மொத்தமாகத் தம் மாநிலத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார். ஆசியாவுக்கு வெளியே அந்த மக்கள் மிக அதிகமாக வாழ்வது இன்றும் அங்கேதான். கறுப்பு உடையில் வரிசையாக வெள்ளிப் பட்டாம்பூச்சிக் கொக்கிகள் மினுங்கத் தாய் தாம் பெண்கள் டெமாயின் நகரத்தில் புதுவருஷம் கொண்டாடுகிறார்கள். இனம் சேர்ந்திருந்ததால் கொண்டாட ஆள் இருந்தது; ஊருக்கு ஒரு குடும்பமாகப் பிரித்துப் போட்டிருந்தால் அந்தக் கொக்கிகள் பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

இப்போதைய நிலவரம்? ஹ்மாங் புதுவருஷத்துக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலும் செயின்ட் பாலிலும் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். பெண்களின் இடுப்புப் பட்டையில் தொங்கும் காசுகள் நடக்கும்போதே கலகலக்கும். பிரெஞ்சுக்காரன் காலத்து வெள்ளிக் காசு வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தனிப் பெருமை. அந்த உடைகளில் பெரும்பகுதி இன்று எங்கே தயாராகிறது தெரியுமா? சீனாவில், மிஷினில்! ஹ்மாங்கின் ஒன்றுவிட்ட உறவுகளான மியாவ் மக்களின் ஊர்களிலிருந்து கப்பலேறி வருகிறது. கையால் ஒரு பட்டை தைக்க மாசக்கணக்கு ஆகும். அச்சடித்த சட்டை மறுவாரமே கிடைக்கும். லாவோஸில் வெள்ளை ஹ்மாங் பிரிவுப் பெண் பச்சை ஹ்மாங் பிரிவின் பாவாடையைத் தொட மாட்டாள். அமெரிக்காவிலோ பேத்திகள் மேலே ஒன்று, கீழே ஒன்று, தலையில் இன்னொன்று என்று கலந்து கட்டிச் செல்ஃபி எடுக்கிறார்கள். பாட்டிகள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் முணுமுணுத்துக்கொண்டே தலைப்பாகையை இறுக்கிக் கட்டிவிடுவதும் அவர்கள்தான்.

நேரில் பார்க்க ஆசையா? மகனோ மகளோ மினியாப்போலிஸ் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கிறார்களா? அடுத்த தடவை போகும்போது மாலுக்குக் கூட்டிப்போகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செயின்ட் பாலில் ஹ்மாங்டவுன் சந்தைக்கு வண்டியை விடச் சொல்லுங்கள். முன்பு மரக்கடையாக இருந்த இடம், 2004 முதல் சந்தை. கோடையில் போனால் வெளியே பச்சிலைக் கட்டுகளோடு பாட்டிமார் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே சந்து சந்தாகத் துணிக்கடைகள். பூத்தையல் வாங்குவதானால் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், கையா மிஷினா என்று அங்கே தெரிந்துவிடும். பசித்தால் பப்பாளிக்காய் சாலட். உரலில் போட்டு உங்கள் கண்ணெதிரிலேயே இடித்துத் தருவார்கள். எத்தனை மிளகாய் என்று கேட்டால், ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்ட தைரியத்தில் ஐந்து என்று சொல்லிவைக்காதீர்கள். ஒன்றில் ஆரம்பியுங்கள்.